போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை: உடப்பு முதல் கற்பிட்டி வரையுள்ள குடும்பங்கள் அறிய வேண்டியவை

வீட்டுப் பிள்ளை போதைவஸ்துப் பாவிக்கிறான் என்று தெரிய வந்ததும் நமது குடும்பங்கள் செய்யும் முதல் வேலை அதை மூடி மறைப்பதுதான். பிறகு அடிக்கிறார்கள். ஓதிப் பார்க்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். "கலியாணம் முடித்து வைத்தால் சரியாகிவிடும்" என்று பெண் தேடுகிறார்கள். எதுவும் சரிவராமல், வீட்டில் இருந்த நகையும் காணாமல் போன பிறகுதான் "எங்கே கொண்டுபோய்க் காட்டலாம்?" என்ற கேள்வி வருகிறது. அதற்குள் இரண்டு மூன்று வருடங்கள் போய்விடுகின்றன.

இந்தத் தாமதம் உலகம் முழுவதும் உள்ளது. போதைப்பொருள் மற்றும் குற்றங்களுக்கான ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் சுமார் 6 கோடியே 40 இலட்சம் பேர் போதைப் பழக்கத்தால் நோயாளிகளாகியிருந்தனர். அவர்களில் 11 பேரில் ஒருவருக்கே சிகிச்சை கிடைத்தது. பெண்களில் அது 18 பேரில் ஒருவர் மட்டுமே. கடைசியில் கேட்கும் கேள்வியை முதல் நாளிலேயே கேட்பதற்குத் தேவையான தகவல்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நமது கரையோரத்தில் என்ன புழங்குகிறது?

உடப்பு தமிழ் மக்களின் பழைய மீனவக் கிராமம். அதைச் சுற்றி முந்தல், மதுரங்குளிப் பக்கமாக விருதோடை, கனமூலை, கடையாமோட்டை, நல்லாந்தழுவை என்று முஸ்லிம் ஊர்கள். கடலும் களப்பும் பொது. பஸ்ஸும் டியூஷன் வகுப்பும் பொது. ஆகவே "அது அந்த ஊர்ப் பிரச்சினை" என்று எந்த ஊரும் சொல்லிக்கொள்ள முடியாது.

பாடசாலை வயதில் பெரும்பாலும் தொடங்குவது பாக்கும் புகையிலையும் கலந்த பாபுல், மாவா போன்றவற்றில்தான். மாணவர்களுக்கு விற்கப்படும் மதன மோதகம் என்ற உருண்டையில் கஞ்சா கலந்திருக்கும். அடுத்து கஞ்சா. ஹெரோயின் 1980களின் தொடக்கத்திலேயே இந்நாட்டுக்கு வந்துவிட்டது. "குடு", "தூள்" என்ற பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். கடந்த சில வருடங்களில் வேகமாகப் பரவியது மெத்தம்பெட்டமைன் எனப்படும் "ஐஸ்". இவற்றோடு நரம்பு வலிக்கும் வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படும் பிரிகபலின், வலி நிவாரணியான டிரமடோல் ஆகிய மருந்துகளும் போதைக்காக விற்கப்படுகின்றன. மாத்திரை என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

ஐஸ் தூக்கத்தையும் பசியையும் விரட்டும். இரவில் கடலுக்குப் போகிறவர், லொறி ஓட்டுபவர், பரீட்சைக்குக் கண்விழித்துப் படிப்பவர் ஆகியோரிடம் "களைப்புத் தெரியாது" என்று சொல்லித்தான் அது முதலில் நீட்டப்படுகிறது. கெட்ட சகவாசம் இல்லாத உழைப்பாளிப் பிள்ளையும் அகப்படுவது இந்த வழியில்தான்.

செய்திகளை எப்படி வாசிப்பது?

கற்பிட்டிக் கடலில் கஞ்சா பிடிபட்டது, பீடி இலை பிடிபட்டது, பிரிகபலின் வில்லைகள் பிடிபட்டன என்று கடற்படை அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2020இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இதே கரையில் மஞ்சள் மூட்டைகளும் பிடிபட்டன. பிடிபடும் பொருள், சரக்கு எந்த வழியால் வருகிறது என்பதைக் காட்டும். நமது தெருவில் எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பதை அது காட்டாது.

கைதுகளின் எண்ணிக்கையும் அப்படியே. நாட்டில் போதைப்பொருள் தொடர்பான கைதுகள் 2020இல் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தன. 2022இல் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டின. பாவனை கூடியது ஒரு காரணமாக இருக்கலாம். பொலிஸாரின் தேடுதல் கூடியதும் காரணமாக இருக்கலாம். 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய "யுக்திய" நடவடிக்கை போன்ற ஒன்று வந்தால் கைதுகள் ஒரே வாரத்தில் எகிறிவிடும். அந்த வாரத்தில் பாவிப்பவர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள் என்று பொருள் இல்லை.

பாவனையைத் தனியாக அளந்து பார்த்தது, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 2019இல் செய்த கணக்கெடுப்பு. ஹெரோயின் பாவிப்பவர்கள் 90,000க்கு மேல் என்றும் கஞ்சா பாவிப்பவர்கள் 3 இலட்சம் அளவில் என்றும் அது மதிப்பிட்டது. ஊர் மட்டத்தில் நிலைமையை அறிய வேண்டுமானால் பாடசாலை வரவு இடாப்பு, வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவு, பள்ளிவாசல் நிர்வாகத்திடம் வரும் குடும்பப் பிணக்குகள் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மாற்றம் இவற்றில்தான் முதலில் தெரியும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நண்பர்கள் திடீரென்று மாறுவது, திங்கட்கிழமைகளில் அடிக்கடி பாடசாலைக்கு வராதிருப்பது, காசுக்குப் பொய் சொல்வது ஆகியவை எல்லாப் போதைக்கும் பொதுவானவை. ஹெரோயின் பாவிப்பவரின் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், இருந்த இடத்திலேயே தூங்கி விழுவார், மலச்சிக்கல் வரும். ஐஸ் பாவிப்பவரின் கண்மணி விரியும், இரண்டு மூன்று இரவுகள் தூங்காமல் இருந்து, பிறகு நாள் முழுக்கத் தூங்குவார், உடல் மெலியும், "யாரோ என்னைப் பின்தொடர்கிறார்கள்" என்று சந்தேகப்படுவார். வீட்டார் இதைச் சூனியம் என்றும் ஜின் பிடித்தது என்றும் எண்ணிப் பல மாதங்களை இழக்கிறார்கள்.

ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. வளர்ந்துவரும் பிள்ளையின் இயல்பான கோபமும் தூக்கமும் இதில் கலந்திருக்கும். இரகசியமாகச் சோதனை போடுவதைவிட, நேரே உட்கார வைத்து அமைதியாகக் கேட்பதில்தான் அதிகம் தெரிய வரும்.

சிகிச்சை என்றால் என்ன?

போதைப் பழக்கத்துக்கு ஒரே ஊசியில் குணம் கிடையாது. சிகிச்சையில் நான்கு படிகள் உள்ளன.

1. மதிப்பீடு: எதை, எவ்வளவு காலமாக, எந்த வழியில் பாவிக்கிறார், மனச்சோர்வு போன்ற வேறு நோய் இருக்கிறதா என்று பார்ப்பது.
2. நச்சு நீக்கம்: நிறுத்தும்போது வரும் உடல் உபாதைகளை வைத்தியக் கண்காணிப்பில் கடப்பது. ஹெரோயினில் இந்த வேதனை ஒரு நாளுக்குள் தொடங்கி, மூன்று நாட்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரம் பத்து நாளில் தணியும்.
3. உளவளத்துணை: எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது ஆசை வருகிறது என்று கண்டு, அதற்கு மாற்று வழிகளைப் பழக்குவது. ஐஸுக்கு மாற்றாகக் கொடுக்கும் மருந்து எதுவும் இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. அதில் இந்தப் படிதான் முக்கிய சிகிச்சை.
4. பின்தொடர்தல்: வீடு திரும்பிய பின் மாதக்கணக்கில் தொடர்ந்து போய்க் காட்டுவது.

நமது குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. பத்து நாளில் முகம் தெளிந்துவிட்டது, "பிள்ளை குணமாகிவிட்டான்" என்று கூட்டி வந்துவிடுகிறார்கள். மீண்டும் தொடங்குவது நடப்பதும் இங்கேதான். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 வீதமானோர் மீண்டும் ஒருமுறையாவது பாவிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் துர்ப்பாவனை நிறுவனம் கூறுகிறது. உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகிய நோய்களிலும் இதே அளவில் நோய் திரும்புகிறது. அந்த நோயாளிகளை நாம் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. மருந்தை மாற்றிக் கொடுக்கிறோம்.

எங்கே போவது?

முதல் அழைப்பு 1927. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் இது. பெயரைச் சொல்லாமலே பேச்சைத் தொடங்கலாம். மனக்குழப்பமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926.

நேரில் காட்டுவதற்கு உடப்புப் பக்கத்தவர்களுக்கு இரண்டு திசைகள் உண்டு. தெற்கே சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலை. வடக்கே புத்தளம் ஆதார வைத்தியசாலை. இத்தகைய வைத்தியசாலைகளில் உளநல வைத்திய அதிகாரியிடம் காட்டலாம். வெளிநோயாளர் பிரிவில் "உளநல வைத்தியரைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் போதும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் வழி கேட்கலாம்.

தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால், 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மேற்படி சபைக்கு தலங்கம, பேராதனை, ஊராபொல, காலி ஆகிய இடங்களில் நிலையங்கள் இருந்து வருகின்றன. நமக்கு அருகில் உள்ளது கம்பஹா மாவட்டத்தின் ஊராபொல. கொழும்பில் சுமித்ரயோ அமைப்பு நடத்தும் மெல் மெதுர, தங்காமல் வந்துபோய் ஆலோசனை பெறும் இடம். எங்கே போவதானாலும் தமிழில் பேசும் ஆலோசகர் எந்த நாட்களில் இருப்பார் என்று முதலில் தொலைபேசியில் கேளுங்கள். மொழி புரியாத இடத்தில் மூன்றாம் படி நடக்காது. பெண்களுக்கான இடங்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு வைத்தியசாலையின் உளநலப் பிரிவே நடைமுறைக்கு உகந்த வழி.

தனியார் நிலையம் என்றால்

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி சிகிச்சை நிலையம் நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும். காசு கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்: அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? வைத்தியர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார்? குடும்பத்தவர் வந்து பார்க்கலாமா? அடிப்பது, கட்டிவைப்பது உண்டா? தொழுகைக்கும் ஹலால் உணவுக்கும் ஏற்பாடு என்ன? வெளியே வந்த பின் எவ்வளவு காலம் தொடர்பில் இருப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் சிகிச்சை பாதியில் நிற்கும்.

"கந்தக்காடுக்கு அனுப்பிவிடலாம்" என்றும் பலர் சொல்கிறார்கள். பொலன்னறுவை மாவட்டத்திலுள்ள கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் உயிரிழந்ததும், அதையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும் நாடறிந்த செய்தி. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுமாறு ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012 மார்ச்சிலேயே கூட்டாகக் கேட்டிருந்தன. பிள்ளையைப் பொலிஸில் ஒப்படைத்துத் திருத்தலாம் என்று நினைப்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 கிராம் அல்லது அதற்கு மேல் ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். சுயவிருப்பத்தோடு போகக்கூடிய சிகிச்சையை முயன்று பார்க்காமல் அந்த வாசலைத் தட்டக் கூடாது.

வீட்டிலேயே நிறுத்த முயல்பவர்களுக்கு

"அறைக்குள் பூட்டி வைத்தால் சரி" என்பது சில பொருட்களில் உயிருக்கே ஆபத்து. தினமும் அதிகமாகக் குடித்தவர் மதுவைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் நினைவு தடுமாறி உயிரும் போகலாம். தூக்க மாத்திரைகளையும் பிரிகபலினையும் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். இவற்றைப் படிப்படியாக, வைத்தியர் சொல்லும் அளவில்தான் குறைக்க வேண்டும்.

ரமழானில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். தலைப்பிறையோடு எல்லாவற்றையும் விட்டுவிடும் நல்ல எண்ணத்துக்கு முன்பே, ஷஃபானில் வைத்தியரைக் காணச் செய்யுங்கள். ஹெரோயினில் ஆபத்து பெருநாளைக்கு இருக்கிறது. ஒரு மாதம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. பெருநாள் இரவில் நண்பர்களோடு அதே அளவை எடுப்பவருக்கு மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சை நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்தவருக்கும் இதே ஆபத்து உண்டு.

எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகிவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். என்ன பாவித்தார் என்று வைத்தியரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மானத்தைப் பார்த்தால் பிள்ளையின் உயிர் போய்விடும்.

திரும்பி வந்த பின்

போதை ஹராம் என்பது நமது ஊரில் தெரியாதவர் இல்லை; பாவிக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். ஜும்ஆப் பிரசங்கத்தில் அதைச் சொல்வதோடு 1927 என்ற இலக்கத்தையும் சொன்னால் கேட்டிருக்கும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் ஒரு வழி கிடைக்கும். பாவிப்பவர்களின் பெயரைப் பள்ளிவாசலில் அறிவிப்பதும், குடும்பத்தை ஒதுக்கி வைப்பதும் மற்றக் குடும்பங்களை இன்னும் இறுக்கமாக மறைக்கச் செய்யும். விற்பவனுக்கு அது வசதி. விற்பவனையும் பாவிப்பவனையும் ஒரே தராசில் வைக்காதிருக்க ஒவ்வொரு மஹல்லாவும் பழக வேண்டும்.

மஹல்லா நிர்வாகம் செய்யக்கூடியவை சிறியவை: இரகசியம் காக்கும் இரண்டு பேரைத் தொடர்புக்கு நியமிப்பது, சிகிச்சைக்குப் போய்வரும் பஸ் செலவை ஸகாத் அல்லது ஸதகா நிதியிலிருந்து கொடுக்க உலமாக்களிடம் ஆலோசனை பெறுவது, திரும்பி வருபவருக்குப் பழைய கூட்டத்திலிருந்து விலகிய ஒரு வேலை தேடிக் கொடுப்பது. பாடசாலை செய்ய வேண்டியது, இடைவிலகிய மாணவன் திரும்பி வந்தால் வகுப்பில் அவன் கதையைப் பேசாமல் இருப்பது.

சந்தேகம் வந்த வாரத்திலேயே 1927ஐ அழையுங்கள் அல்லது சிலாபத்திலோ புத்தளத்திலோ உளநல வைத்தியரைச் சந்தியுங்கள். பிள்ளை வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். வீட்டார் எப்படி நடந்துகொள்வது என்று அவர்கள் சொல்லித் தருவார்கள். பல குடும்பங்களில் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.