சேரி வாசலில் நின்றுபோன அவஸ்தைப்பூசுதல்

நம் பாட்டிமார் ‘நோயில்பூசுதல்’ என்று சொல்லி நாம் கேட்டதில்லை. அவர்களுக்கு அது ‘அவஸ்தைப்பூசுதல்’. சாகக் கிடப்பவரிடம் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார், எண்ணெய் பூசுவார், நன்மை கொடுப்பார். வீட்டுப் பெண்கள் காதருகே ‘இயேசு, மரி, சூசை’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கத்தோலிக்கருக்கு அந்த நேரத்தில் இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. இது கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் அவ்வளவு பெரியது. நமக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு தோழர்களே; அந்தப் பயம் புரியாமல் இந்த வரலாறு புரியாது.

விவிலியத்தின் யாக்கோபு திருமுகம், நோயாளி சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி செபிக்க வேண்டும் என்கிறது. நடக்க வேண்டியவர் குரு, படுத்திருப்பவர் அல்ல.

மதுரை மிஷனில் இது தலைகீழானது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு தெ நொபிலி சந்நியாசிக் கோலம் பூண்டார். சேரியோடு புழங்கினால் மேல்சாதியார் கிட்டே வரமாட்டார்கள் என்பது கணக்கு. 1640 வாக்கில் மற்ற சாதியாருக்காகப் பண்டாரசாமிகள் என்ற குருக்கள் வந்தார்கள். அப்போதும் சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் போகும் வழக்கம் வரவில்லை. கோயிலுக்கோ வேறோர் இடத்துக்கோ அவரைத் தூக்கிவர வேண்டும். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் உடம்பை, கடைசி மன்னிப்புக்காக வெயிலில் சுமந்துபோவதை நினைத்துப் பாருங்கள். வழியிலேயே உயிர் போனால்?

1703இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704 ஜூன் 23 தேதியிட்ட 16 பிரிவுகள் கொண்ட ஆணையில் இந்த வழக்கத்தைத் தடை செய்தார். உடம்புக்கு மருந்து தரும் பிற மத வைத்தியர்களே, உயர்சாதியாராக இருந்தும், இவர்களுக்கு உதவத் தயங்குவதில்லை. ஆன்மாவின் வைத்தியர் மறுக்கலாமா என்பது அவர் வாதம். இதற்காக அவரைச் சாதி ஒழிப்புப் போராளி ஆக்கிவிட வேண்டாம். அதே ஆணை, பிற மதக் கோயில் விழாக்களில் கிறிஸ்தவர்கள் வாத்தியம் வாசிக்கக் கூடாது என்றும் சொன்னது. வாசிப்பையே பிழைப்பாகக் கொண்டவர் என்ன செய்வார் என்பது அவர் கவலை அல்ல.

மிஷனரிகள் ரோமுக்கு முறையிட்டார்கள். சேரிக்குள் போனால் மற்ற சாதியார் சபையை விட்டே போய்விடுவார்கள் என்பது அவர்கள் பதில். வழக்கு 40 ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 1744 செப்டம்பர் 12 அன்று பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையில், இயேசு சபையாரே முன்வைத்த யோசனை ஏற்கப்பட்டது: பறையருக்கென்று தனி மிஷனரிகள். குரு வீட்டுக்குள் போகலாம், ஆனால் அவர் வேறு குரு! வாசலைத் தாண்டச் சொன்ன ஆணை, வாசலுக்கு அந்தப் பக்கம் தனி ஆளை நிறுத்துவதில் முடிந்தது. நம்மைப் பொறுத்தவரை அதில் வென்றது சாதிதான்.

சாமியார் வராத வீடுகளில் உபதேசியார்தான் வந்தார். அவர்களில் சேரியிலேயே பிறந்தவர்களும் உண்டு. அவரால் பாவமன்னிப்புத் தர முடியாது, எண்ணெய் பூச முடியாது. உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும். தேவதிரவிய அனுமானத்தைப் பெறும் ஆசையோடு உண்மையாக மனம் வருந்தினால் அதைப் பெறுமுன்பே கடவுளோடு ஒப்புரவு கிடைக்கும் என்று திரிதெந்தீன் சங்கம் 1551இல் சொல்லியிருந்தது. ரோம் வழக்கு நடத்திய காலத்தில் நம்மவர் எத்தனையோ பேர் அந்த ஒரு மந்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடியிருப்பார்கள்.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்: உங்கள் தெருவில் சாவு நேரத்தில் செபம் சொன்னது யார்? சாமியார் எது வரைக்கும் வந்தார்?