வாடகை மானியம் யாருக்கு?

வறியவர் செலுத்தும் வாடகையில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்பது நற்செயல் என்பதை எவரும் மறுக்கார். ஆயினும், அப்பணம் ஈற்றில் எவர் கையைச் சென்றடைகின்றது? வரலாற்றின் துணைகொண்டே நாம் இவ்வினாவுக்கு விடை காணல் இயலும். பிரித்தானியாவின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

முதலாம் உலக யுத்த காலத்தில், கப்பல் கட்டும் தொழிலும் ஆயுத உற்பத்தியும் பெருகிய கிளாஸ்கோ நகரிலே தொழிலாளர் வந்து குவிந்தனர். வீட்டுச் சொந்தக்காரர் அதனையே வாய்ப்பாகக் கொண்டு வாடகையை உயர்த்தினர். ஆடவர் பலர் போர்முனையில் நின்ற வேளை அது. 1915இல், கோவன் பகுதியில் மேரி பார்பர் முதலான பெண்கள் உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தனர். வெளியேற்ற வந்த அதிகாரிகளை ஒன்றுகூடி விரட்டினர். நவம்பர் மாதமளவில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் இப்போராட்டத்தில் இணைந்துவிட்டன. 17ஆம் திகதி, குடியிருந்தோர் 18 பேர் நீதிமன்றுக்கு அழைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை விட்டு அங்கே திரண்டனர். வழக்குக் கைவிடப்பட்டது. டிசெம்பரில் பாராளுமன்றம் சட்டமியற்றி, சிறு வீடுகளின் வாடகையை 1914 ஆகஸ்ட் மாத மட்டத்திலே நிறுத்தியது.

அன்று அரசு வாடகையைச் செலுத்தவில்லை. அதனை உயரவிடாது தடுத்தது. 1919இன் பின்னர், அரச மானியத்துடன் உள்ளூராட்சி மன்றங்கள் வீடுகளைக் கட்டலாயின. வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் பல வீடுகள் பழுதுபார்க்கப்படாது சிதைந்தன என்பதும் உண்மையே. ஆயினும், மன்றங்கள் கட்டிய வீடுகள் வறியவருக்கு மாற்றிடமாய் அமைந்தன.

1972இல் கன்சர்வேட்டிவ் அரசாங்கம், தனியார் வீடுகளில் வாழும் வறியவருக்கு நாடளாவிய வாடகை உதவியை ஏற்படுத்தியது. அப்போது வாடகைக் கட்டுப்பாடு முற்றாக நீங்கியிருக்கவில்லை. 1980இன் சட்டம் மன்ற வீடுகளைக் குடியிருப்போருக்குக் குறைந்த விலையில் விற்க வழிசெய்தது. 1988இன் சட்டமோ தனியாரின் புதிய வாடகைகளைச் சந்தையின் கையில் ஒப்படைத்தது. உயரும் வாடகையை உதவித்தொகை தாங்கிக்கொள்ளும் என அமைச்சர்கள் கருதினர். பொதுப்பணத்தால் எழுந்த வீடுகள் சில தனியார் கைக்கு மாறி, மீண்டும் பொதுப்பணத்தையே வாடகையாகப் பெறும் விந்தையும் நிகழ்ந்தது.

செலவு பெருகியபோது ஆட்சியாளர் வாடகையைக் கட்டுப்படுத்தினரா? இல்லை, உதவியையே வெட்டினர். ஒரு வட்டாரத்து வாடகைகளை ஏறுவரிசையில் நிறுத்தி, நடுவிலுள்ளதை உதவியின் உச்ச அளவாகக் கொள்ளும் முறை இருந்தது. 2011இல் அவ்வளவு, கீழிருந்து நூற்றுக்கு 30ஆம் இடத்துக்கு இறக்கப்பட்டது. 2016 முதல் நான்காண்டுகள் தொகை உயர்த்தப்படாது உறைந்திருந்தது. 2020இல் உயர்த்தப்பட்டு, 2024 வரை மீண்டும் உறைந்தது. வாடகையோ உறையவில்லை. இடைவெளியை உணவுக்கும் உடைக்கும் உரிய பணத்தாலே குடும்பங்கள் நிரப்பவேண்டியதாயிற்று.

எனவே, வாடகை உதவி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. இன்று அதனை நிறுத்தினால் தெருவுக்கு வருபவர் ஏழைகளே. வாடகைக்கு வரம்பிடாது, பொதுவீடுகளைக் கட்டாது வழங்கும் உதவி, ஏழையின் கைவழியே சொத்துடையவரின் பைக்குள் சென்று சேரும் என்பதே நமது முடிபாகும். கிளாஸ்கோப் பெண்கள் தானம் கேட்கவில்லை. நியாயமான வாடகையைக் கேட்டனர். அவர்களது கோரிக்கை இன்னும் பழையதாகிவிடவில்லை.