கோட்டையின் இடைமொழி

1639இல் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலேயர் நிலம் பெற்றபோது, அவர்கள் மொழி அறிந்தவர் அந்தக் கரையில் அரிதாகவே இருந்தனர். ஆனால் சற்றுத் தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியர் நூறாண்டுக்கும் மேலாகக் குடியிருந்தனர். மாலுமி, தரகர், கூலிப்படை வீரர், சமையற்காரர் என்று துறைமுகத்தை நம்பிப் பிழைத்த பலர் வாயிலும் அவர்கள் மொழி புழங்கியது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி அதையே பற்றிக்கொண்டது. 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை சாந்தோமைப் பிடித்த பிறகு, அங்கிருந்த போர்த்துகீசுக் குடும்பங்கள் பல ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கம் வந்து சேர்ந்தன. ஆங்கிலத்தில் எழுந்த கட்டளை முதலில் போர்த்துகீசாகும், பிறகே தமிழாகவோ தெலுங்காகவோ மாறும். ஆங்கிலேயர் நம் ஊருக்குள் நுழைந்தது ஆங்கிலத்தின் வழியாக அல்ல என்பதும், நடுவில் நின்ற அந்த மொழி நம்மை அவர்கள் பார்த்த பார்வையிலும் தன் சாயலை ஏற்றிவிட்டது என்பதும் என் துணிபு.

இதற்குச் சான்று ஆங்கிலேயரின் ஆவணங்களிலேயே இருக்கிறது. 1698இல் மூன்றாம் வில்லியம் மன்னர் புதிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த சாசனம், இந்தியாவுக்கு வரும் பாதிரிகள் வந்த ஓராண்டுக்குள் போர்த்துகீசு கற்றாக வேண்டும் என்று விதித்தது. உள்ளூர் மொழியையும் கற்க முயல வேண்டும் என்றது. ஆனால் காலக்கெடு போர்த்துகீசுக்குத்தான். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1695இல், ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் போர்த்துகீசில் பெயர்க்கப்பட்டு ஆக்ஸ்போர்டில் அச்சாகியிருந்தது. சென்னையில் கம்பெனியின் அறிவிப்புகள் போர்த்துகீசு, தெலுங்கு, தமிழ் மூன்றிலும் வெளிவந்தன. 1688இல் தொடங்கிய நகரசபையிலும் போர்த்துகீசியருக்கு இடமிருந்தது. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1706இல் அங்கே வந்திறங்கிய பாதிரிகள் இருவரில் சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொள்ள, புளூட்சா போர்த்துகீசை எடுத்துக்கொண்டார். அவர்களுக்கு லண்டன் சங்கம் ஒன்று அனுப்பிய அச்சுப்பொறி, பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி மீண்டு, 1712இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டுதான் வந்தன. அதுவரை அந்தப் பொறி அச்சிட்டது போர்த்துகீசு. ஆங்கிலேயர் காசில், தமிழ்க் கரையில், மூன்றாவதொரு மொழியின் நூல்கள்!

துறைமுகத்தில் பேசப்பட்டது இலக்கணம் சிதைந்த கொச்சைதானே, அதை மொழிபெயர்ப்பு என்று கொண்டாடலாமா என்று கேட்கலாம். பேச்சு கொச்சையாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் பின்னால் எழுத்தின் பலம் நின்றது. ஏசுசபைப் பாதிரி என்றீக்கே என்றீக்கசு பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலேயே போர்த்துகீசில் தமிழ் இலக்கணம் எழுதிவிட்டார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதே சபையின் அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசு அகராதி 1679இல் அம்பழக்காட்டில் வந்தது. தனிநாயக அடிகள் அதை 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டிராவிட்டால் நம்மில் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். பாதிரி பெப்ரீசியுசின் தமிழ்-ஆங்கில அகராதி வேப்பேரியில் அச்சானது 1779இல். இரண்டுக்கும் இடையே சரியாக நூறாண்டு. அந்த நூறாண்டில் தமிழுக்குள் புக விரும்பிய ஆங்கிலேயருக்கு அச்சில் கிடைத்த அகராதி போர்த்துகீசியருடையதுதான்.

இருமொழித் தரகர்களான துபாஷிகளை மறக்கிறாய் என்பது அடுத்த மறுப்பு. ஆங்கிலம் கற்ற துபாஷிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் பெருகிச் செல்வாக்குப் பெற்றது உண்மை. அதற்குள் அடித்தளம் போடப்பட்டுவிட்டது. அதன் தடம் நம் சொற்களில் தெரிகிறது. போர்த்துகீசுச் சொற்கள் இங்கே வந்ததில் இரண்டு ஓட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாவி, அலமாரி, மேசை, ஜன்னல், ஏலம் போன்றவை போர்த்துகீசிலிருந்து நேரே வந்தவை. அவற்றின் பரவலும் பெரிது. கடலுக்கு வெகுதொலைவில், ஐதராபாத்தின் குஷாய்குடாவில் தெலுங்கு பேசுபவரும் மேஸ்திரி என்கிறார், உருது பேசுபவரும் சாபி, இஸ்திரி என்கிறார். இவற்றில் ஆங்கிலேயருக்குப் பங்கில்லை. இன்னோர் ஓட்டம் ஆங்கிலேயர் வழியாக வந்தது: பியூன், குழந்தை வளர்க்கும் ஆயா, எல்லாவற்றுக்கும் மேலாக ‘கேஸ்ட்’. கடைசிச் சொல்தான் என் கவனத்தை நிறுத்துகிறது. போர்த்துகீசியர் பிறப்பு, இனவழி என்ற பொருளில் ‘காஸ்தா’ என்றார்கள். ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டனர். வருணம், சாதி, குலம் என்று நாம் வேறுவேறாகப் பேசியவை அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கின. பின்னாளில் கணக்கெடுப்பும் சட்டமும் அதையே கைக்கொண்டன. சாதிக் கொடுமையை அந்நியர் படைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அது அவர்கள் வருமுன்பே இங்கே வேரோடியிருந்தது. ஆனால் அரசு அதை எண்ணி, வரிசைப்படுத்தி, ஏட்டில் ஏற்றியபோது பயன்படுத்திய அச்சு லிஸ்பனில் வார்த்தது.

1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைக் கம்பெனி அதிகாரி எல்லிசு முன்னின்று அமைத்தார். கம்பெனியின் இளம் அதிகாரிகள் தமிழையும் தெலுங்கையும் உள்ளூர்ப் புலவர்களிடம் நேரே கற்கத் தொடங்கினர். நடுவில் நின்ற மொழிக்கு அதற்குமேல் வேலை இருக்கவில்லை.