வளர்ப்புத் தாய்க்கு யார் பாடம் சொல்வது?

பிள்ளை வளர்க்கக் கூடவா பயிற்சி வகுப்பு என்று நம் ஊரில் சிரிப்பார்கள். பெற்ற பிள்ளை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஓர் அரசாங்கம் ஒரு குழந்தையை, அதுவும் பழங்குடிக் குழந்தையை, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் ஒப்படைக்கும்போது? இந்தக் கேள்விக்கு நிறைய விலை கொடுத்துப் பதில் கற்றுக்கொண்ட நாடு ஆஸ்திரேலியா.

அங்கே ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை ஆதிக்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் கின்செலா என்ற சிறுவர் இல்லம் 1924 முதல் 1970 வரை நடந்தது. பையன்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்! எல்லா வளர்ப்புப் பெற்றோரும் கொடியவர்கள் என்று சொல்ல முடியாது. பாசமாக வளர்த்தவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளையின் மொழி என்ன, சொந்தக்காரர் யார், ஊர் எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. "உன் அம்மா இறந்துவிட்டாள்" என்று பொய் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

1980-ல் 'லிங்க்-அப்' என்ற அமைப்பு, இப்படிப் பிரிந்தவர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கத் தொடங்கியது. 1997-ல் வந்த விசாரணை அறிக்கை, அந்த அறுபது ஆண்டுகளில் பத்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரையிலான ஆதிக்குடிக் குழந்தைகள் பிரிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக்கு முன்பே ஒரு விதி வந்துவிட்டது. 1983-ல் வட ஆட்புலச் சட்டத்தில் நுழைந்து, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவிய விதி அது. பிள்ளையைப் பெற்றவர் வளர்க்க முடியாவிட்டால் முதலில் உறவினர், அடுத்து அதே சமூகத்தார், அடுத்து வேறு ஆதிக்குடிக் குடும்பம், கடைசியில்தான் மற்றவர்கள். அந்தக் 'கடைசி' வீட்டாருக்குத்தான் பயிற்சி முக்கியம். பிள்ளையின் குலம், உறவுமுறை, சடங்கு, துக்கம் காக்கும் முறை எல்லாம் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையைத் தன் மக்களிடம் எப்போது, எப்படி அழைத்துப்போவது என்று எழுதி வைத்த திட்டமும் வேண்டும். இவ்வளவு செய்தும் அங்கே அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளில் பத்தில் நான்குக்கும் மேல் ஆதிக்குடிகள். மொத்தக் குழந்தைகளில் அவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவுதான்!

இதெல்லாம் வேறு நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் இங்கேயும் இதே வேலையைச் செய்தான். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில் 1897-ல் ஒரு திருத்தம் செய்து, நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பையன்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்கலாம் என்றார்கள். சென்னை மாகாணத்துக்கு இந்தச் சட்டம் 1911-ல் வந்தது. நாடு முழுக்க ஒழிந்தது 1952-ல்தான். அந்தப் பிள்ளைகளுக்காக இன்றுவரை அறிக்கையும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

இப்போது செங்கல்பட்டுக்கு வருவோம். இங்குள்ள பழங்குடிகள் இருளர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அவர்கள் சுமார் 1,89,000 பேர். பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்களுக்கு 1972 வனவிலங்குச் சட்டமும் அடுத்து வந்த ஏற்றுமதித் தடையும் தொழிலைப் பறித்தன. 1978-ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது, விஷம் எடுக்கும் வேலை சிலருக்குக் கிடைத்தது. மற்றவர்களில் பலர் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்த பிறகும் இருளர் குடும்பங்களை மீட்கும் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அப்படிப்பட்ட வீட்டில் அப்பா அம்மா இறந்தால் பிள்ளை எங்கே போகும்? பாட்டியிடம், இல்லாவிட்டால் சித்தியிடம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றியது. குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டால்தான் ஒப்படைக்கலாம், அண்ணன் தங்கைகளை முடிந்தவரை பிரிக்கக் கூடாது என்கிறது. நல்ல விஷயம்தான். 2022-ல் மிஷன் வாத்சல்யா திட்டம் மாதம் 4,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. ஒரு நாளைக்கு 133 ரூபாய்! ஆனால் சொந்தமில்லாத குடும்பம் வளர்த்தால் அது 'வளர்ப்புப் பராமரிப்பு', பாட்டி வளர்த்தால் வெறும் 'நிதி ஆதரவு'. தொகை ஒன்றுதான். வீட்டுக்கு வந்து பார்ப்பது, பழக்குவது, ஆலோசனை சொல்வது எல்லாம் முதல் வகைக்கே அதிகம். ஆஸ்திரேலியா முதலிடம் கொடுத்த பாட்டியை நாம் பணம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

சரி, செங்கல்பட்டில் ஓர் இருளர் பிள்ளை வெளியார் வீட்டில் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அம்மாவுக்கு என்ன சொல்லித்தர வேண்டும்? சத்துணவு, தடுப்பூசி எல்லாம் எந்த நர்ஸும் சொல்லிவிடுவார். மாசி மகத்தை யார் சொல்வார்கள்? ஆண்டுதோறும் மாசிப் பௌர்ணமிக்குப் பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். புடவையால் கூடாரம் கட்டி, மணலில் ஏழு படி வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பொண்ணு பார்ப்பது, நிச்சயம், விடியற்காலையில் கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும். சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிதறிக் கிடக்கும் ஒரு சமூகத்துக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிகிற இடம் அது. அந்த ஒரு ராத்திரிக்குப் பிள்ளையை அழைத்துப் போகாத வளர்ப்பு வீட்டில், பத்து வருடம் கழித்து அவனுக்கு மாமன் யார் என்று சொல்ல ஆள் இருக்காது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-வது பிரிவு பிள்ளையின் இனம், பண்பாடு, மொழிப் பின்னணியைப் பார்க்கச் சொல்கிறது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது.

பயிற்சி அதிகாரிகளுக்கும் வேண்டும். நிதி ஆதரவு கேட்கும் பாட்டி, கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்று நிரூபிக்க வேண்டும். பள்ளி உதவிக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும், அது கோட்டாட்சியர் கையெழுத்தில் வர வேண்டும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்ட இருளர்களில் பலர் அந்த ஒரு காகிதத்துக்காக வருடக்கணக்கில் நடந்தவர்கள். பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லாவிட்டால் அந்தப் பாட்டி எந்த வரிசையில் போய் நிற்பாள்?