பின்பாதைச் சோதனை: மல்டிகாஸ்ட் வலையமைப்பில் பழுது தேடும் கலையின் வரலாறு

பின்பாதைச் சோதனை என்பது, தன்னிடம் வந்த மல்டிகாஸ்ட் பாக்கெட், அதாவது கேட்ட பலருக்கும் ஒருசேரப் போகும் பாக்கெட், முறையான பக்கமிருந்துதான் வந்ததா என்று ரவுட்டர் பார்க்கும் சோதனை. வலையமைப்புப் பொறியாளர்கள் இதை ‘ரிவர்ஸ் பாத் ஃபார்வர்டிங்’ என்றும், சுருக்கமாக ‘ஆர்பிஎஃப்’ என்றும் சொல்வார்கள். பாக்கெட்டை அனுப்பிய கணினிக்குத் தான் ஏதேனும் அனுப்புவதானால் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக அனுப்பும் என்று ரவுட்டர் தன் வழித்தட அட்டவணையில் பார்க்கிறது. பாக்கெட்டும் அதே இன்டர்ஃபேஸில் வந்திருந்தால், பெறுநர்கள் இருக்கும் பக்கங்களுக்கெல்லாம் நகலெடுத்து அனுப்புகிறது. வேறு பக்கமாக வந்திருந்தால் ஓசைப்படாமல் கைவிட்டுவிடுகிறது.

சாதாரணப் பாக்கெட்டுக்கு ரவுட்டர் கேட்பது ‘எங்கே போகிறாய்?’ என்ற ஒரே கேள்விதான். மல்டிகாஸ்ட் பாக்கெட்டின் இலக்கு முகவரி 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையிலான வரம்பில் அமைந்த ஒரு குழு முகவரி. அது எந்த ஊரையும் சுட்டாது. ஆகவே ‘எங்கிருந்து வருகிறாய்?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் சோதனை இல்லாவிட்டால் வளையமாகப் பின்னப்பட்ட வலையமைப்பில் ஒரே பாக்கெட் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் பெருகும். சில நொடிகளில் இணைப்புகள் திணறிவிடும். இந்தக் காவலே சில சமயம் நல்ல பாக்கெட்டையும் தடுத்துவிடுகிறது. மல்டிகாஸ்ட் பழுது தேடும் வேலையில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

தோற்றம்

இக்கருத்தை வகுத்த இருவரில் ஒருவர் இந்தியர். மும்பை ஐஐடியில் படித்த யோகேன் தலால், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, விண்டன் செர்ஃப், கார்ல் சன்ஷைன் ஆகியோருடன் சேர்ந்து ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1974 டிசம்பரில் வெளியான 675ஆம் ஆவணத்தை எழுதியவர். டிசிபி நெறிமுறையின் முதல் விரிவான வரையறை அதுதான். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, பாக்கெட் வலையமைப்புகளில் ஒரு செய்தியை எல்லோருக்கும் அனுப்புவது எப்படி என்பதைப் பற்றியது. ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃபுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை, 1978 டிசம்பரில் ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் வந்தது.

எல்லோருக்கும் செய்தி பரப்பும் பல முறைகளை அக்கட்டுரை ஒப்பிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி நகல் அனுப்பினால் இணைப்புகள் வீணாகின்றன. எல்லா ரவுட்டர்களும் சேர்ந்து மரம்போல் கிளைக்கும் ஒரு பொதுப் பாதையைக் கட்டிக் காப்பதானால் அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். பின்பாதை முறைக்கோ, ரவுட்டரிடம் ஏற்கெனவே இருக்கும் அட்டவணையே போதும். கூடுதல் நினைவகமும் வேண்டாம், கூடுதல் பேச்சுவார்த்தையும் வேண்டாம்.

இந்தச் சிக்கனத்தின் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே. அந்த அனுமானம் பொய்க்கும் இடத்தில் பழுது பிறக்கிறது.

எம்போனும் எம்ட்ரேஸும்

ஒரு பாக்கெட்டை எல்லோருக்கும் பரப்புவதிலிருந்து, கேட்டவர்களுக்கு மட்டும் பரப்புவதற்கு நகர்த்தியவர் ஸ்டீவ் டீரிங். ஸ்டான்ஃபோர்டில் அவர் செய்த ஆய்வின் விளைவாக 1988 நவம்பரில் டிவிஎம்ஆர்பி என்ற மல்டிகாஸ்ட் வழித்தட நெறிமுறையும், 1989 ஆகஸ்டில் ஐபி மல்டிகாஸ்ட்டின் அடிப்படையான ஆர்எஃப்சி 1112 ஆவணமும் வெளிவந்தன. 1992 மார்ச் மாதம் சான் டியேகோவில் நடந்த, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் கூட்டத்தின் ஒலி, மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு இணையம் வழியே நேரடியாகச் சென்றது. எம்போன் என்ற சோதனை வலையமைப்பு அதிலிருந்து வளர்ந்தது.

பழுது தேடும் முறையும் எம்போன் காலத்தில்தான் உருப்பெற்றது. பிங் கட்டளை ஓர் இலக்கை எட்ட முடிகிறதா என்றும், ட்ரேஸ்ரூட் அதை நோக்கிப் போகும் வழி எது என்றும் காட்டும். மல்டிகாஸ்ட்டிலோ இலக்குகள் ஆயிரம் இருக்கலாம். அவற்றின் பட்டியல் அனுப்புநரிடம் இருக்காது. அப்போது உருவான ‘எம்ட்ரேஸ்’ கருவி தேடலைத் தலைகீழாக்கியது. அது பெறுநரின் ரவுட்டரில் தொடங்கி, மூலத்தை நோக்கி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகும். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும், பாக்கெட் தன்னிடம் எந்தப் பக்கம் வர வேண்டும், எத்தனை வந்தன, முந்தைய ரவுட்டர் எது என்று குறித்து அனுப்பும். வழி தெரியாத இடமும், தவறான இன்டர்ஃபேஸில் வந்து விழும் இடமும் அதில் தெரிந்துவிடும். இதன் இரண்டாம் பதிப்பு 2018 அக்டோபரில் ஆர்எஃப்சி 8487 ஆனது.

பிம் வந்த பிறகு

டிவிஎம்ஆர்பி தனக்கென்று தனி வழித்தட அட்டவணை வைத்துக்கொண்டது. 1994இல் அறிமுகமான பிம் என்ற மல்டிகாஸ்ட் நெறிமுறை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, ஓஎஸ்பிஎஃப், பிஜிபி என எந்த வழித்தட நெறிமுறை நிரப்பிய அட்டவணையாக இருந்தாலும் அதையே பின்பாதைச் சோதனைக்கும் எடுத்துக்கொண்டது. பரந்த பயன்பாட்டுக்கு வந்த பிம் ஸ்பார்ஸ் மோட் 1997இல் ஆர்எஃப்சி 2117 ஆகவும், திருத்தங்களுக்குப் பின் 2016 மார்ச்சில் ஆர்எஃப்சி 7761 ஆகவும் வெளியானது. பிம் வந்ததிலிருந்து சாதாரண வழித்தடத்தில் யாரோ செய்யும் சிறு மாற்றம், அதே நொடியில் மல்டிகாஸ்ட் ஓட்டத்தையும் திருப்பிவிடக்கூடியதாயிற்று.

பிம்மில் பின்பாதைக்கு இரட்டைப் பொறுப்பு. வந்த பாக்கெட்டைச் சோதிப்பதும் அதுதான். ‘எனக்கு இந்த ஓட்டம் வேண்டும்’ என்ற ஜாயின் செய்தி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்வதும் அதுதான். எல்லா மூலங்களும் பகிரும் பொது மரத்துக்கு ரான்டவூ பாயின்ட் எனப்படும் சந்திப்பு ரவுட்டரை நோக்கியும், ஒரு மூலத்துக்கே உரிய மூல மரத்துக்கு அந்த மூலத்தை நோக்கியும் சோதனை தனித்தனியே நடக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் பழுதாகவும் வாய்ப்புண்டு.

ஒரு பழுதின் உடற்கூறு

வேலூரில் ஒரு வீடியோ சர்வர் இருப்பதாகவும், ஜவ்வாது மலையின் வடக்கே திருவண்ணாமலை சாலையிலுள்ள கணியம்பாடியில் அதைப் பார்க்கும் வகுப்பறைகள் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கணியம்பாடி ரவுட்டருக்கு வேலூரிலிருந்து நேர் இணைப்பு ஒன்று. ஆற்காடு, ஆரணி, கண்ணமங்கலம் சுற்றி வரும் மாற்று இணைப்பு இன்னொன்று. மாற்று இணைப்பின் வேகம் கூடுதல் என்பதால் ஓஎஸ்பிஎஃப் அதையே சிறந்த வழியாகத் தேர்கிறது. ஆனால் அந்த இன்டர்ஃபேஸில் பிம்மை இயக்க மறந்துவிட்டார்கள்.

இப்போது பிங் ஓடும். இணையப் பக்கங்கள் திறக்கும். வீடியோ மட்டும் வராது. மூலத்துக்கான வழி ஆரணிப் பக்கம் என்கிறது அட்டவணை. அப்பக்கம் பிம் அண்டை ரவுட்டர் இல்லாததால் ஜாயின் செய்தியை யாரிடமும் கொடுக்க முடியாது. நேர் இணைப்பில் வேறு காரணத்தால் ஓட்டம் வந்து சேர்ந்தாலும், தவறான பக்கம் வந்ததென்று ஒவ்வொரு பாக்கெட்டும் கைவிடப்படும். அனுப்பியவருக்கு எந்தப் பிழைச்செய்தியும் திரும்பாது.

இதைக் கண்டுபிடிக்கும் ஒழுங்கு பல ஆண்டு அனுபவத்தில் நிலைபெற்றது. முதலில் பெறுநரின் ரவுட்டருக்குப் போய், ஐஜிஎம்பி வழியாகக் குழுவில் சேரும் கோரிக்கை வந்திருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்து, சிஸ்கோ ரவுட்டரானால் ‘ஷோ ஐபி ஆர்பிஎஃப்’ கட்டளையோடு மூலத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். ஜூனிப்பரில் ‘ஷோ மல்டிகாஸ்ட் ஆர்பிஎஃப்’. எந்த இன்டர்ஃபேஸ், எந்த அண்டை ரவுட்டர், எந்த அட்டவணையின் சொல்படி என்பதெல்லாம் விடையில் இருக்கும். ‘ஷோ ஐபி எம்ரூட்’ பட்டியலில் ஆர்பிஎஃப் அண்டை 0.0.0.0 என்று வந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும். மூலம் நேரடியாக இணைந்த ரவுட்டரிலும், பொது மரத்தைப் பொறுத்தவரை சந்திப்பு ரவுட்டரிலும் அது இயல்பு. மற்றபடி நடுவழியில் இருந்தால் பழுது. ஆர்பிஎஃப் தோல்விகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் உறுதியாகிவிடும். பழுதில்லை என்றால் அடுத்த ரவுட்டருக்கு, மூலத்தை நோக்கி ஒரு படி நகர வேண்டும்.

சிறந்த தீர்வு, மாற்று இணைப்பிலும் பிம்மை இயக்குவது. அது இயலாதபோது, ‘மூலத்துக்கு இந்தப் பக்கம்தான்’ என்று மல்டிகாஸ்ட்டுக்கு மட்டும் நிலையான வழி எழுதலாம். அது அந்த ஒரு ரவுட்டரையே கட்டுப்படுத்தும். பின்னாளில் இணைப்புகள் மாறும்போது அதுவே புதிய பழுதாகும். பெரிய வலையமைப்புகள் மல்டிகாஸ்ட்டுக்கென்று தனி அட்டவணையை வைக்கின்றன. 1998இல் விரிவாக்கப்பட்ட பிஜிபி நெறிமுறை அதை நிரப்பவும் உதவுகிறது.

செயற்கைக்கோளும் பங்குச்சந்தையும்

வரும் வழியும் போகும் வழியும் ஒன்று என்ற அனுமானம் முற்றிலும் உடைவது செயற்கைக்கோள் இணைப்பில். 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எடுசாட் போன்ற கல்விச் செயற்கைக்கோள் அமைப்புகளில், பாடத்தைப் பெற மட்டுமே இயலும் முனையங்களும் இருந்தன. அத்தகைய ஒருவழி இணைப்பின் மறுமுனையில் ரவுட்டரை வைத்தால், பாக்கெட் வானிலிருந்து வரும். மூலத்துக்கான வழியோ தரையில் இருக்கும். சோதனை தோற்கும். ஒருவழி இணைப்பை இருவழிபோலக் காட்டும், ‘டனலிங்’ எனப்படும் சுரங்க முறை, 2001 மார்ச்சில் ஆர்எஃப்சி 3077 ஆக வந்தது.

மல்டிகாஸ்ட் ஏன் வேண்டும் என்பதை இந்தியாவில் உரக்கச் சொன்னது தேசியப் பங்குச்சந்தை விவகாரம். உறுப்பினர்கள் தம் கணினிகளைச் சந்தையின் வளாகத்திலேயே வைக்க இடம் தரும் அதன் கோ-லொக்கேஷன் வசதியில் ஒவ்வொரு விலை நகர்வும் முதலில் டிசிபி வழியாக, அவர்களுக்கு வரிசையாக ஒருவர் பின் ஒருவராக அனுப்பப்பட்டது. வரிசையில் முந்தியவருக்குத் தகவலும் முந்திக் கிடைத்தது. 2014இல் சந்தை மல்டிகாஸ்ட்டுக்கு மாறியது. பழைய முறை குறித்து, பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2019 ஏப்ரலில் ஆணை பிறப்பித்தது. ஒரே பாக்கெட்டின் நகல்கள் வரிசையின்றி எல்லோருக்கும் சேரும் இந்த முறையில் சமவாய்ப்பு தொழில்நுட்பத்திலேயே அமைகிறது. அதனால்தான் இங்கே ஒரு பின்பாதைப் பிழை காசுக்கணக்கில் வலிக்கும்.

இன்றைய நிலை

மூலத்தையும் குழுவையும் சேர்த்தே கேட்கும் எஸ்எஸ்எம் முறை, 2006இல் ஆர்எஃப்சி 4607 ஆனது. அதில் சந்திப்பு ரவுட்டரே கிடையாது. ஆகவே மூலத்தை நோக்கிய ஒரே சோதனைதான் மிஞ்சுகிறது. வெவ்வேறு நிர்வாகங்களின் வலையமைப்புகளுக்கு இடையே, மூலத்தைக் குறிப்பிடாமல் குழுவை மட்டும் கேட்கும் பழைய முறையைக் கைவிட்டு எஸ்எஸ்எம்மைக் கைக்கொள்ளும்படி 2020 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 8815 பரிந்துரைத்தது. பழுது தேடுபவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனாலும் தலாலும் மெட்காஃபும் வகுத்த சோதனை நீங்கவில்லை. ஆகவே மாற்று இணைப்பு போடுகிறவர்கள், அதை இயக்கும் நாளிலேயே அதில் பிம் ஓடுகிறதா என்றும், மூலத்துக்கான பின்பாதை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும். பிங் ஓடுகிறது என்பதை மல்டிகாஸ்ட் ஓடுவதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.