வானத்தால் கிட்ட, தரையால் தூரம்

பலாலியிலிருந்து ரத்மலானைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். சென்னைக்கு ஏறத்தாழ 355. திருச்சிக்கு 185 மட்டுந்தான். வானத்தால் பார்த்தால் யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பை விடத் திருச்சி கிட்ட. இந்தத் தூரங்கள் ஒருநாளும் மாறவில்லை. மாறினது, அதைக் கடக்க எடுத்த நேரமும் ஆர் கடக்கலாம் என்பதும்தான்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்காகப் போடப்பட்டது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதற் பயணம் ரத்மலானையில் தொடங்கி, இங்கே இறங்கி, சென்னைக்குப் போனது. நாடு சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அப்ப வடக்கு அந்த வானப் பாதையின் கடைசித் தரிப்பு இல்லை, நடுத் தரிப்பு.

போர்க்காலத்தில் சென்னைப் பாதை இல்லாமல் போச்சு. 1990க்குப் பிறகு கொழும்புக்கான தரைப் பாதையும் அடைபட்டது. 1996இல் குடாநாடு முழுவதும் இராணுவத்தின் கைக்குப் போன பின், அங்குள்ள சனத்துக்கு மிஞ்சினது விமானமும் திருகோணமலைக் கப்பலும்தான். பறப்பு ஒரு மணித்தியாலம் மட்டில். அனுமதிக்கும் ரிக்கற்றுக்கும் காத்திருந்தது நாள்கணக்கு. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் தமிழர். சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவுக் கடலில் கண்டுபிடிக்கப்பட்டன. இரணைதீவு எங்கட கிளிநொச்சி மாவட்டம்.

வன்னிக்கு அந்த ஆபத்தான விமானமும் இருக்கவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் கொழும்புக்குப் போக முதலில் புலிகளிடம் பாஸ் எடுக்கவேணும், பிறகு வவுனியாவில் இராணுவத்தின் பாஸ். வன்னி வானத்தில் சனம் பார்த்தது கிபிரையும், 'வண்டு' எண்டு சொன்ன வேவு விமானத்தையும். பங்கருக்குள் ஓடக் கிடைத்த செக்கன்கள்தான் இங்கே 'பறப்பு நேரம்'. 2002இல் ஏ9 திறந்தது, ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனையோடு. 2006 ஓகஸ்ட் 11இல் அது திரும்ப மூடப்பட்டது. மூன்றாம் நாள் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் குண்டு விழுந்து மாணவிகள் கொல்லப்பட்டார்கள். 2007 மார்ச்சில் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா வரை பறந்து குண்டு போட்டன. இரு பக்கமும் வானம் போருக்குத்தான் திறந்திருந்தது.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்ற சென்னைப் பறப்பு 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2025இல் திருச்சிக்கும் பறப்பு தொடங்கியது. கட்டுநாயக்காவுக்கு இரவு முழுக்க பஸ்ஸில் போற எங்களுக்கு இது பெரிய விசயம்தான். ஆனால் இந்தப் பாதை புதிசு இல்லை. 1947இல் இருந்து, பறிக்கப்பட்டு, பாதி திரும்பிக் கிடைத்தது. கிளிநொச்சியிலேயே இருக்கிற இரணைமடு ஓடுபாதை இன்றைக்கும் விமானப்படைத் தளம்.

கிலோமீற்றர் கணக்கை வரைபடம் சொல்லும். எத்தனை நாள், எத்தனை சோதனைச்சாவடி, எத்தனை பாஸ் என்ற கணக்கு எங்கட அம்மம்மா, அப்பப்பாக்களிடம்தான் இருக்கு. கேட்டு எழுதி வையுங்கோ. அவையும் போனால் இந்த வரலாற்றில் பறப்பு நேரம் மட்டும்தான் மிஞ்சும்.