ஸ்கூபா கருவிகளின் சோதனையும் பராமரிப்பும்

ஸ்கூபா கருவிப் பராமரிப்பு என்பது, முக்குளிப்பவர் நீருக்கடியில் மூச்சுவிடவும் மிதவையைக் கட்டுப்படுத்தவும் பயன்படுத்தும் கருவிகளைக் கழுவி, உலர்த்தி, சோதித்து, உரிய காலத்தில் பழுதுபார்த்து வைப்பதாகும். ரெகுலேட்டர், காற்றுச் சிலிண்டர், மிதவைச் சட்டை, குழாய்கள், அழுத்தமானி, முகமூடி ஆகியவை இதில் அடங்கும். மூச்சை இழுக்கும்போது மட்டும், சூழ்ந்திருக்கும் நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தரும் வால்வை ஜாக் கூஸ்டோவும் எமீல் கன்யானும் 1943இல் பிரான்சில் உருவாக்கினர். அந்தக் கொள்கையே இன்றைய ரெகுலேட்டர்களிலும் இருக்கிறது. கருவியைப் பிரித்து உள்ளுறுப்புகளை மாற்றுவது பயிற்சி பெற்ற பழுதுநீக்குநரின் வேலை. பிரிக்காமலேயே கண்ணாலும் காதாலும் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறுகளும் நிறைய உண்டு. அவற்றைத் தேடுவது கருவிக்கு உரியவரின் வேலை.

கழுவுதல்

கடல்நீர் காய்ந்தால் உப்பு படிகமாகிவிடும். வால்வின் இடுக்கிலும் பித்தான்களின் அடியிலும் இறுகிய படிகம் பிறகு தண்ணீர் ஊற்றினால் எளிதில் கரையாது. எனவே கரையேறியதும், கருவி ஈரமாக இருக்கும்போதே, நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். படகில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் தொட்டியை நம்பிவிடக் கூடாது. நாலைந்து பேர் முக்கி எடுத்த பிறகு அதிலிருப்பதும் உப்புத் தண்ணீர்தான். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் மறுபடி ஊறவைத்து, நிழலில் காற்றாட உலர்த்துவது வழக்கம். நேர் வெயில் ரப்பரையும் நியோப்ரீனையும் கெடுத்துவிடும்.

ரெகுலேட்டரைக் கழுவும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. சிலிண்டரில் பொருந்தும் வாயைத் தூசிமூடியால் மூடாமல் தண்ணீரில் போடுவது ஒன்று. காற்றழுத்தம் இல்லாத நிலையில், தண்ணீருக்குள் வைத்தபடி, வாய்ப்பகுதியிலுள்ள வெளியேற்றப் பித்தானை அழுத்துவது மற்றொன்று. பித்தானை அழுத்தினால் உள்வால்வு திறந்து, குழாய் வழியே, சிலிண்டரில் பொருந்தும் பகுதியான முதல் நிலைக்குள் தண்ணீர் ஏறிவிடும். ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பொருத்திக் காற்றைத் திறந்துவைத்தே ஊறவைத்தால் இரண்டுக்கும் இடமில்லை. தூசிமூடியின் உட்புறத்தில் நிற்கும் துளிகளைத் துணியால் துடைத்துவிட்டு மூட வேண்டும். சிலிண்டர் காற்றைப் பீய்ச்சி உலர்த்துபவர்கள் அருகிலிருக்கும் முதல் நிலையின் வாய்க்குள்ளேயே துளிகளைத் தெறிக்க விடுவதும் உண்டு.

ரெகுலேட்டர்

முதல் நிலை, சிலிண்டரில் 200 பார் அளவில் இருக்கும் காற்றைச் சூழல் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 முதல் 10 பார் மட்டும் கூடுதலான இடைநிலை அழுத்தத்துக்குக் குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலை அதைச் சுவாசிக்கத்தக்க அளவுக்கு இறக்குகிறது.

முதல் நிலையின் நுழைவாயிலில் சிறு காசு அளவுக்கு ஓர் உலோக வடிகட்டி தெரியும். கைவிளக்கை அடித்து அதன் நிறத்தைப் பார்த்தாலே பல விஷயங்கள் விளங்கும். சாம்பல் நிறமோ வெண்கல நிறமோ மாறாமல் இருந்தால் நல்லது. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உள்ளே உப்புநீர் புகுந்திருக்கிறது. செம்பழுப்புத் தூள் இருந்தால், அது எஃகுச் சிலிண்டருக்குள்ளிருந்து வந்த துரு. கறுத்திருந்தால் கம்ப்ரசரின் வடிகட்டியிலிருந்து கரித்தூள் வந்திருக்கக்கூடும். பச்சைக் களிம்புக்கு ரெகுலேட்டரையும் துருவுக்குச் சிலிண்டரையும் உடனே பழுதுநீக்குநரிடம் கொடுக்க வேண்டும். கரித்தூள், காற்று நிரப்பும் கடையை மாற்றச் சொல்லும் அடையாளம்.

அடுத்தது உறிஞ்சும் சோதனை. தூசிமூடியை இறுக்கிவிட்டு, காற்று இணைப்பு இல்லாமல், இரண்டாம் நிலையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். காற்று சிறிதும் வரக் கூடாது. வந்தால் இரண்டாம் நிலைக்குள் இருக்கும் மென்தகடான உதரவிதானம் கிழிந்திருக்கலாம், வெளிமூச்சு வால்வின் ஓரத்தில் மணல் சிக்கியிருக்கலாம், வாயில் கவ்வும் பகுதியில் ஓட்டை விழுந்திருக்கலாம். நீருக்கடியில் ஒவ்வொரு மூச்சோடும் வாய்க்குள் தண்ணீர் வருவதற்கு இவையே காரணம்.

காற்றைத் திறந்த பின் சில நிமிடம் காத்திருந்து கேட்க வேண்டும். தொடக்கத்தில் அமைதியாக இருந்து, சற்று நேரம் கழித்து இரண்டாம் நிலை மெல்லச் சீறத் தொடங்கினால், முதல் நிலையில் வால்வு அமர்ந்து காற்றை அடைக்கும் உயரழுத்த இருக்கை தேய்ந்து, இடைநிலை அழுத்தம் ஏறுகிறது என்று ஐயப்பட வேண்டும். மிதவைச் சட்டைக்குப் போகும் குழாயில் மாட்டும் சிறிய இடைநிலை அழுத்தமானி இதை உறுதிசெய்யும். பித்தானை அழுத்தி விட்டதும் முள் ஓரிடத்தில் போய் நிற்க வேண்டும், ஊர்ந்து ஏறக் கூடாது. பெரிய விலையில்லாத இந்தக் கருவியைச் சொந்த ரெகுலேட்டர் வைத்திருக்கும் பலர் வாங்குவதில்லை.

முக்குளிக்கும் முன், சிலிண்டர் அழுத்தமானியைப் பார்த்தபடியே நாலைந்து முறை ஆழ மூச்சிழுப்பதும் அவசியம். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கப்படவில்லை, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது.

குழாய்கள்

ரப்பர்க் குழாய்கள் வழக்கமாக உலோக முனையை ஒட்டிய இடத்தில்தான் வெடிக்கும். அங்கே மாட்டியிருக்கும் பாதுகாப்பு உறையை இழுத்து, குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பின்னல் உறை போட்ட குழாய்களில் நிலைமை வேறு. அவற்றுள் சிலவற்றின் பாலியூரிதேன் உள்குழல், வெப்ப மண்டலச் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து, மஞ்சள் நிறப் படிகங்களால் காற்றுவழி அடைபட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. வெளிப்பார்வைக்குக் குழாய் புதிதுபோலவே இருக்கும். ஆகவே இத்தகைய குழாய்களை ஆண்டுக் கணக்கு வைத்து மாற்றுவதே வழி.

சிலிண்டர்

அமெரிக்க விதிப்படி சிலிண்டருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை வேண்டும். அத்துடன் ஆண்டுதோறும் உட்புறத்தைப் பார்வையிடுவது முக்குளிப்புத் துறையின் வழக்கம். 207 பார் அளவுள்ள அலுமினியச் சிலிண்டரை, சோதனையில் அதன் மூன்றில் ஐந்து பங்கான 345 பார் வரை ஏற்றுவார்கள். அழுத்தம் நீங்கிய பின்னும் எஞ்சும் நிரந்தர விரிவு, மொத்த விரிவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் சிலிண்டர் தள்ளுபடி. கடைசிச் சோதனைத் தேதி தோள்பட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் அழுத்தச் சிலிண்டர்கள் 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளுக்கு உட்பட்டவை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றைச் செயல்படுத்துகிறது.

6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த பழைய சிலிண்டர்களின் கழுத்தில், தொடர்ந்த அழுத்தத்தால் விரிசல் விழுவது கண்டறியப்பட்டது. அவற்றுக்குச் சுழல் மின்னோட்டச் சோதனையும் தேவை. பின்னர் வந்தவை 6061 கலவையில் ஆனவை. பழைய சிலிண்டரை மலிவாக வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தக் கலவையில் ஆனது என்பதே. வால்வு மாற்றும்போது மரைகளும் ஒத்துப்போக வேண்டும். எம்25 மரையுள்ள வால்வு, முக்கால் அங்குல மரையுள்ள சிலிண்டரில் ஏறக்குறையப் பொருந்துவதுபோல் ஏறிவிடும், அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

சிலிண்டரை ஒருபோதும் முற்றிலும் காலி செய்யக் கூடாது. 10 முதல் 20 பார் மிச்சமிருந்தால் ஈரக்காற்று உள்ளே வராது. எஃகுச் சிலிண்டருக்குள் தண்ணீர் தங்கினால் துரு பிடிப்பதோடு, துருப்பிடிக்கும் வினையே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் நிரப்பியே கிடந்த எஃகுச் சிலிண்டரை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்குவது ஆபத்து.

மிதவைச் சட்டையும் பிறவும்

சட்டையை முழுக்க ஊதி இரவெல்லாம் விட்டு, காலையில் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைக்குள் புகுந்த கடல்நீரை நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி வடிக்க வேண்டும். காற்றேற்றும் பித்தான் அழுத்தியதும் துள்ளி மீள வேண்டும். உப்பேறி அது சிக்கிக்கொண்டால் சட்டை தானாக ஊதி, முக்குளிப்பவரை நுரையீரல் காயம் ஏற்படும் வேகத்தில் மேலே தூக்கிவிடும். முகமூடி, துடுப்புகளில் பட்டைகளைப் பார்த்தால் போதும்.

இணைப்புகளில் காற்று கசியாமல் அடைக்கும் வளையங்களான ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவுவார்கள். சிலிக்கோனில் செய்த உறுப்புகளில் அதைத் தடவினால் அவை உப்பிக் கெடும். ஆக்சிஜன் மிகுந்த கலவைகளுக்கான கருவிகளில் அது தீப்பிடிக்க ஏதுவாகும் என்பதால், ஆக்சிஜனுக்கு ஏற்ற தனி மசகையே பயன்படுத்த வேண்டும்.

பிரித்துப் பழுதுபார்த்தல்

ரெகுலேட்டரை ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ பிரித்துப் பழுதுபார்க்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். உதிரி உறுப்புகளைப் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற கடைகளுக்கே விற்கிறார்கள். இதை எதிர்த்து, உரியவரே கற்றுச் செய்யலாம் என்போரும் உண்டு. வான்ஸ் ஹார்லோ எழுதிய ரெகுலேட்டர் பழுதுபார்ப்பு நூல் அவர்களிடையே பெயர்பெற்றது. கைத்திறனும் சரியான கருவிகளும் உள்ளவருக்கு அது இயலாததல்ல. ஆனால் உயரழுத்த இருக்கையில் ஊசிமுனைக் கீறல் விழுந்தாலும் வேலை வீண் என்பதால், ஒருவர் மேற்பார்வையில் பழகாமல் தொடங்குவது சரியல்ல. கடையில் பழுதுபார்த்துத் திரும்பிய ரெகுலேட்டரையும் நேரே ஆழ்கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. புதிய இருக்கை படிந்து அமையும்போது இடைநிலை அழுத்தம் சற்று மாறும். மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் மறுபடி செய்து, நீச்சல் குளத்திலோ ஆழமில்லாத கரையோரத்திலோ ஒருமுறை பயன்படுத்தி, மாறியிருந்தால் அதே கடையில் திருத்தி வாங்க வேண்டும்.